உப்புக்காற்றில் ஓ.எல்.இ.டி. பலகை விளக்கு: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஆகுமா?

கரண்ட் பில் குறையும் என்று எண்ணி ஓ.எல்.இ.டி. விளக்கு வாங்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். குறையாது. மளிகைக் கடையில்கூடத் தொங்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே வெளிச்சத்தை இதைவிடக் குறைந்த கரண்டில் தந்துவிடுகிறது. கண்ணுக்கு உறுத்தாத வெளிச்சம் வேண்டும், அதற்குக் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்பவர்கள் மேலே படிக்கலாம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

முதலில் பெயர். 'ஓ' என்பது ஆர்கானிக். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக் கடையில் எழுதி வைத்திருக்கும் ஆர்கானிக் அல்ல, கரிமச் சேர்மம் என்ற வேதியியல் பொருளில். கண்ணாடித் தகட்டின் மேல் ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு, அதன் மேல் கரிமப் படலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியமோ வெள்ளியோ பூசிய எதிர்முனை. கரிமப் படலங்கள் அத்தனையும் சேர்ந்தும் ஒரு மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் இப்படி ஒரு படலத்தை ஒளிரவைத்துக் காட்டினார்கள். இன்று பலர் கையில் இருக்கும் செல்போன் திரையும் அதே வழியில் வந்ததுதான். திரையில் வெற்றி பெற்ற அளவுக்கு விளக்கில் இது வெற்றி பெறவில்லை. பிலிப்ஸ் தன் ஓ.எல்.இ.டி. விளக்குப் பிரிவை 2015இல் ஓ.எல்.இ.டி. ஒர்க்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. எல்ஜி டிஸ்ப்ளேயும் வீட்டு விளக்குப் பலகைகளை விட்டு விலகிக்கொண்டது. 2016இல் பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரின் பின்விளக்கில் ஏறியதிலிருந்து இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கார் உலகில்தான் நல்ல மரியாதை.

இங்கே பார்ப்பது வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கப்படும் 10 செ.மீ. சதுரப் பலகை. கையில் எடுத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அணைத்து வைத்தால் சில வகை முகம் பார்க்கும் கண்ணாடி போலிருக்கும், ஒளி வெளியேற்றும் படலம் ஒட்டிய வகை பால் வெள்ளையாக இருக்கும். ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு எரியாத விளிம்பு ஒன்று சுற்றி ஓடும். அந்த விளிம்புதான் பலகையின் உயிர். அதைப் பற்றிப் பிறகு விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். இந்த அளவுப் பலகையை ஒரு சதுர மீட்டருக்கு 3000 கேண்டெலா பிரகாசத்தில் ஓட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 94 லூமன். (லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு.) 9 வாட் எல்.இ.டி. பல்பு தருவது 900 லூமன் அளவில். ஆக ஒரு பல்புக்கு ஈடாகப் பத்துப் பலகை வேண்டும். பலகை வாட்டுக்கு 60 லூமன் தருகிறது என்று வைத்துக்கொண்டால் பத்துக்கும் சேர்த்து 16 வாட், பலகைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சர்க்யூட்டில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 18 வாட். தரமான பலகை 85 லூமன்வரை தரும். அப்போதும் 12 வாட்டுக்குக் கீழே வராது. தினம் ஐந்து மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 300 மணி நேரம்: பல்புக்கு 2.7 யூனிட், பலகைகளுக்கு 5.4 யூனிட். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அது தப்பான பக்கம் நிற்கிறது. விலையோ ஒரு பலகைக்கே ஆயிரக்கணக்கில். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் அந்தக் காசில் ஒரு பி.எல்.டி.சி. மின்விசிறி வாங்குங்கள். 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி தினம் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறி 15 மணி நேரம் சுற்றுவது அதிசயமில்லை.

ஓ.எல்.இ.டி. ஏன் பின்தங்குகிறது? உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது. கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.7, 1.8 என்று இருக்கும், கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திரும்பி உள்ளேயே ஓடுகிறது. எந்த ஏற்பாடும் செய்யாத பலகையில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியேறும். சிதறடிக்கும் படலங்களை ஒட்டித்தான் மீதியில் கொஞ்சத்தை மீட்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இதன் பக்கம் நியாயம் உண்டு. எல்.இ.டி. தரும் கண்கூச்சத்தை மறைக்க அதை மூடி, உறை, நிழற்குடை என்று எதற்குள்ளாவது போட்டால் ஒளியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஓ.எல்.இ.டி.க்கு மூடியே தேவையில்லை, வெறுமையாகத் தொங்கவிடலாம்.

இனி வெளிச்சம். ராமேஸ்வரம் சங்குக் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெருகேற்றிய சோழியின் முதுகில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் அடித்தால் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் குத்திக்கொண்டு நிற்கும், சோழியின் புள்ளி எது விளக்கின் புள்ளி எது என்று தெரியாது. அதே சோழிக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் ஒரு ஓ.எல்.இ.டி. பலகையை வைத்தால் முதுகில் மங்கிய சதுர ஜன்னல் ஒன்று மட்டும் விழும், அதைச் சுற்றித் தவிட்டு நிறமும் மஞ்சளும் இழைந்து ஓடுவது தெரியும். வலம்புரிச் சங்கின் வாய்க்குள்ளிருக்கும் இளஞ்சிவப்பு, வெளுப்பான எல்.இ.டி.யில் சாம்பல் பூத்தது போலிருக்கும். இதன் கீழே அது இளஞ்சிவப்பாகவே நிற்கும். பொருளின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதை நூற்றுக்கு அளக்கும் நிறங்காட்டும் குறியீடு 90க்கு மேல் இருப்பதும், சிவப்பு அலைநீளங்கள் தாராளமாக இருப்பதும்தான் காரணம். புற ஊதா கிடையாது. நீலமும் எல்.இ.டி.யைப் போல ஒரே இடத்தில் ஊசியாக எழும்பி நிற்காமல் பரவலாக இருக்கிறது. சங்கு, முத்து, பட்டு விற்கிறவர்களுக்கும் நகை வேலை செய்பவர்களுக்கும் இது வெறும் அலங்காரமாக இருக்காது.

நிழலும் மென்மை. ஓலைப்பெட்டி முடைகிறவர் கையின் நிழலோ, வலையின் கிழிசலில் கண் சேர்க்கிறவர் விரலின் நிழலோ வேலையை மறைக்காது. ஆனால் ஒரு பலகை போதுமா என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். 3000 கேண்டெலாவில் ஒரு பலகை 40 செ.மீ. கீழே தருவது 190 லக்ஸ்கூட இல்லை. (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு.) படிக்க 300 லக்ஸ் வேண்டும். விளக்கை 30 செ.மீ.க்கு இறக்கலாம், அல்லது பிரகாசத்தை 5000க்கு ஏற்றலாம், அல்லது இரண்டு பலகை போடலாம். இரண்டு பலகை போடுவதே புத்திசாலித்தனம். பிரகாசத்தை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதோடு நிற்காது, மூன்றில் ஒன்று நான்கில் ஒன்று என்று சரியும். அட்டையில் '50,000 மணி நேரம்' என்று போட்டிருந்தால் எந்தப் பிரகாசத்தில் என்று பக்கத்தில் தேடிப் பாருங்கள். அந்தக் கெடு முடியும்போது பலகை அணைந்துவிடாது, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். எந்த உலோகம் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் தகடுகளைக் காயப்போடத் தேர்ந்தெடுத்த ஊர் மண்டபம் முகாம். வடகடலும் தென்கடலும் இருபக்கமும் அடிக்கும் நிலத்தில், வாடைக்காற்றில் ஒரு பக்கம் உப்பு, கச்சான் காற்றில் மறுபக்கம் உப்பு. இங்கே போய் ஈரத்தைக் கண்டால் சாகும் ஒரு பொருளை மாட்டப் போகிறோம்.

ஈரம் எப்படிக் கொல்கிறது? எதிர்முனை உலோகப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தால் அதன் வழியே ஈரமும் ஆக்சிஜனும் இறங்கி, உலோகத்துக்கும் கரிமப் படலத்துக்கும் இடையிலிருக்கும் பிடிப்பைப் பிரித்துவிடும். அந்த இடத்தில் மின்சாரம் பாயாது, கரும்புள்ளி விழும். முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு, பிறகு வட்டம் வட்டமாக ஒன்றோடொன்று சேரும். இதைத் தடுக்கும் உறை ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவியை விடக்கூடாது என்பதுதான் இந்தத் துறையின் அளவுகோல். கண்ணாடி இந்த அளவுகோலில் எளிதாகத் தேறிவிடும். ஓரத்தில் இரண்டு கண்ணாடியையும் ஒட்டியிருக்கும் பசைதான் பலவீனம், எரியாத விளிம்பு என்று சொன்னோமே, அது இந்த ஒட்டு நிற்கிற இடம். வளையும் பிளாஸ்டிக் பலகைகளும் விற்கிறார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். கடற்கரைக்கு அவை வேண்டாம். கண்ணாடிப் பலகையே வாங்குங்கள்.

நல்ல ஒட்டுள்ள கண்ணாடிப் பலகை எளிதில் சாகாது. நம் ஊரில் முதலில் போவது அதன் வால்தான். பலகையின் ஓரத்திலிருந்து வெளியே வரும் மெல்லிய செம்பு நாடா, அதைக் கவ்வும் குட்டி கனெக்டர், டிரைவரின் சர்க்யூட் பலகை, இந்த மூன்றும். உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே தானாகக் கசிந்து நீராகும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிகிற நாளில் கனெக்டரில் படிந்த உப்பும் கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் நேர்மின்சாரம் ஓடும்போது பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாக வெளியேறும். நெகட்டிவ் பக்கம் புத்தம்புதிதாகப் பளபளக்கும், பாசிட்டிவ் பக்கம் அறுந்து கிடக்கும். பலகை போய்விட்டது என்று தூக்கி எறிவதற்கு முன்னால் அந்த நாடாவைப் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள்.

மாட்டும் முறை இதுதான். டிரைவரைத் தனியாக, ரப்பர் கேஸ்கெட் உள்ள, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 ரகப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து வீட்டின் உட்புறச் சுவரில் பொருத்துங்கள். கடலைப் பார்த்த வராந்தா வேண்டாம், குளியலறைக்கு வெளிச்சுவரும் வேண்டாம். ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டும், ஒயரைச் சுற்றி அடைக்கும் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். நுழைவதற்கு முன் ஒயரை ஒரு விரல் நீளம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். சர்க்யூட்டின் மேல் எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் காப்பு லாக்கரை இரண்டு கோட் அடியுங்கள், கனெக்டர் வாயை மட்டும் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பகலில் சூடேறி இரவில் ஆறும்போது எந்தப் பெட்டியும் கொஞ்சம் காற்றை இழுக்கும், அந்த ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பலகைக்குப் போகும் ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்து ஓடும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் இங்கே செல்லாது. பற்றவைத்து, உள்ளே பசை உருகும், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஸ்க்ரூ 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. கடையில் 'எஸ்.எஸ்.' என்று கொடுப்பது பெரும்பாலும் 304, பாம்பன் காற்றில் அதுவும் பழுப்பு பூக்கும். அலுமினியச் சட்டத்தில் ஸ்க்ரூ நேரடியாகத் தொட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உதிரும், நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

சிலிகான் பூசி அடைக்கும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்வது. குழாயைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் ரகம். காயும்போது வெளியேறும் அமிலம் செம்பைத் தின்னும், நாம் அடைத்தது உப்பையல்ல அமிலத்தை என்றாகிவிடும். 'நியூட்ரல்' என்று போட்டிருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும்.

பலகையை மூலையில் அழுத்தி மாட்டக்கூடாது, கண்ணாடி மெல்லியது. பின்பக்கம் முழுதும் படியும்படி மெல்லிய நுரை டேப்பில் ஒட்டுங்கள், ஓரக் கிளிப் பலகையைத் தாங்கினால் போதும், கவ்வ வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கோ தகரத்துக்கோ அடியில் நேராக மாட்டினால் சித்திரை வெயிலில் அங்கே 45 டிகிரியைத் தாண்டும், ஆயுள் மடமடவென்று இறங்கும். வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரமும் ஆகாது.

டிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஓ.எல்.இ.டி.க்கு நிலையான கரண்ட் வேண்டும், நிலையான வோல்ட் அல்ல. தனுஷ்கோடிப் பக்கம் சோலார் தகடும் 12 வோல்ட் பேட்டரியுமாக இருக்கும் குடிசையில் பலகையை நேரே பேட்டரியில் கொடுத்தால், பலகையின் தேவை 12க்குக் கீழ் என்றால் கருகும், மேல் என்றால் எரியாது. நடுவில் அதற்குரிய டி.சி. டிரைவர் வேண்டும். எல்.இ.டி.யிலிருந்து இன்னொரு முக்கிய வித்தியாசம்: வயதாக ஆக இந்தப் பலகை கேட்கும் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். புதிதில் 20 வோல்ட்டில் ஓடுவது பின்னாளில் 23, 24 கேட்கலாம். 21 வோல்ட்டோடு நிற்கும் டிரைவரை மாட்டியிருந்தால் பலகை நன்றாக இருக்கும்போதே விளக்கு மங்கும், சிமிட்டும். ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் இடம் உள்ள டிரைவராக எடுங்கள். பல பலகைகளைத் தொடராக (சீரிஸ்) ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்க வேண்டும். பக்க இணைப்பில் (பேரலல்) கொடுத்தால் குறைந்த வோல்ட் கேட்கும் பலகை அதிகக் கரண்டை இழுத்து முதலில் சாகும். டிரைவருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் பிறகு பலகையைச் செருகாதீர்கள். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் ஒரே அடியாக இறங்கிப் படலத்தைத் துளைத்துவிடும்.

உப்பு படிந்த இன்சுலேட்டரில் பனி ஏறிப் பொறி பறக்கும் லைன்கள் உள்ள தெருவில், மெயின் போர்டில் திடீரென்று பாயும் அதிக வோல்ட்டைத் தடுக்கும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் ஈரம் காயாத எர்த் குழியும் இல்லாமல் இந்த விளக்கை மாட்டுவது வீண். துருவேறி நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் வரும். அதற்குச் சர்ஜ் ப்ரொடெக்டர் போதாது, அதிக வோல்ட்டில் துண்டிக்கும் ரிலே வேண்டும்.

பழுதை அடையாளம் காண்பது கடினமில்லை. வாரக்கணக்கில் வளரும் கறுப்பு வட்டம் என்றால் ஈரம் உள்ளே போய்விட்டது, வைத்தியம் கிடையாது. கறுப்பு ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. முழுப் பலகையும் திடீரென்று அணைந்து, முனைகளில் மல்டிமீட்டர் வழக்கத்தைவிட மிகக் குறைந்த வோல்ட் காட்டினால் உள்ளே ஷார்ட். மஞ்சளாகிக்கொண்டே மங்கினால் நீலப் படலம் மற்றவற்றுக்கு முன்னால் தேய்கிறது, அது முதுமை. சிமிட்டல் என்றால் பத்துக்கு எட்டு முறை கனெக்டர் அல்லது டிரைவர். அதைச் சரிசெய்யலாம்.

துடைப்பதற்கு முன் அணைத்து ஆறவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒருமுறை, உலர்ந்த துணியை ஒருமுறை. ஸ்ப்ரே வேண்டாம், ஓரத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது. துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவும் கைவைத்தியம் கதவுத் தாழ்ப்பாளோடு நிற்கட்டும்.

கடற்கரை விடுதிக்காரர்கள் சிலருக்கு ஆம்பர் நிறப் பலகை மேல் ஆசை வரும். நீலமே இல்லாத அந்த வெளிச்சம் ஆமைக் குஞ்சுகளைத் திசைதிருப்புவது குறைவு என்பது சரிதான். ஆனால் வெளியில் மாட்ட ஓ.எல்.இ.டி. தேவையில்லை. மறைப்பு வைத்துக் கீழ்நோக்கித் திருப்பிய ஆம்பர் எல்.இ.டி. அந்த வேலையைச் செய்யும், போனாலும் மாற்றுவது எளிது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓரத்தில் எல்.இ.டி. வரிசை வைத்த மெல்லிய பலகையை 'ஓ.எல்.இ.டி.' என்று விற்பவர்கள் உண்டு. தடிமன் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, ஓரம் நடுவைவிடப் பிரகாசமாக இருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையான பலகை என்றால் டிம்மரில் மிகவும் குறைத்து எரியவிடச் சொல்லி, செல்போன் கேமராவில் எக்ஸ்போஷரை இறக்கிப் படம் எடுங்கள். முழு வெளிச்சத்தில் மறைந்திருக்கும் புள்ளியும் திட்டும் அதில் தெரியும். புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் வேறு பலகை கேளுங்கள். அந்தப் படத்தை அழிக்காமல் வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் எடுத்ததோடு ஒப்பிட உதவும். பலகை இரண்டு வேண்டுமென்றால் மூன்றாக வாங்குங்கள், ஏனென்றால் பின்னாளில் அதே நிறத்தில் அதே வோல்ட்டில் மாற்றுப் பலகை கிடைப்பது அபூர்வம். மூன்றாவதைப் பிரிக்காமல் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பீரோவில் வையுங்கள். பில்லில் பலகையின் மாடல் எண்ணும் டிரைவரின் கரண்ட் அளவும், உச்ச வோல்ட்டும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 'விளக்கு செட் 1' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.